அடமானத்துக்குக் குறுக்கே ஒரு புற்று

பால் ஊற்ற வந்தவர்களின் வரிசை தாமான் செரி மங்கிஸ் குடியிருப்பின் நாலாவது ஜாலான், அதாவது நாலாவது தெரு, முழுவதும் நின்று, சலவைக் கடை முனையில் திரும்பி, முட்டை விற்கும் மளிகைக் கடை வரைக்கும் போயிருந்தது. மளிகைக் கடைக்காரர் நெற்றி நிறைய விபூதி பூசியிருந்தார். இதற்கு முன் அவரை நான் அத்தனை பக்தியோடு பார்த்ததே இல்லை.

"அக்கா, இவ்வளவு கூட்டத்த விலக்கிட்டு சாமியக் கைது பண்ணணுமா?" என்றேன்.

"சாமிய இல்ல. சாமியக் கொண்டுவந்து வெச்ச ஆள" என்றாள் சுலைஹா. காரை வேலியோரம் நிறுத்தி, தலைத் துணியைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள்.

என் பெயர் புனிதன். சுலைஹா துப்பறியும் நிலையத்தின் ஒரே உதவியாளன். நிலையம் என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். செனாவாங்கில் அக்காவின் அத்தா நடத்தும் உணவுக் கடைக்கு மேலே ஓர் அறை, அவ்வளவுதான். அங்கே துப்பு வருவதைவிடக் கறி வாசனை வருவதுதான் அதிகம். அன்று காலை அந்த வாசனைக்கு நடுவே வந்து உட்கார்ந்தவர் செல்லம்மா. சுங்கை காடுட் தொழிற்சாலை ஒன்றின் கேண்டீனில் சமைத்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. நாலாவது ஜாலானில் பதினான்காம் நம்பர் வீடு அவருடையது.

"என் வீட்டு போர்ச்சுல ஒரு புத்து மொளச்சிருக்கு. சாயந்தரம் நாலு மணிக்குள்ள அது போவணும்" என்றார் வந்ததும்.

"நாலு மணிக்கு என்னம்மா?"

"பேங்குலேர்ந்து வீட்டப் பாத்து மதிப்புப் போட ஆள் வருது. ரிவர்ஸ் மோர்ட்கேஜுன்னு வயசானவங்களுக்கு ஒரு திட்டம் இருக்குல்ல? மத்தவங்க எல்லாம் பேங்குக்குக் கட்டுறாங்க. இதுல வீட்ட அடமானமா வெச்சுக்கிட்டு பேங்கு எனக்கு மாசாமாசம் கட்டும். நான் கண்ண மூடுற வரைக்கும் என்ன அந்த வீட்ட விட்டு யாரும் எழுப்ப முடியாது. அதுக்குப் பெறவுதான் வித்து எடுத்துக்குவாங்க."

"பிள்ளைங்க யாரும் இல்லயா?"

"ஒரு மகன். கோலாலம்பூர்ல இருவத்து மூணாவது மாடி. அங்கேயே வந்து இரும்மான்னு கூப்புடுறான். நல்ல புள்ளதான். ஆனா அங்க சன்னலத் தொறந்தா மேகந்தான் தெரியுது. மேகத்துக்கிட்டயா கறிவேப்பில கேக்குறது? கையில மாசச் செலவுக்கு வழி இல்லன்னா அங்கதான் போயாகணும். இந்தத் திட்டம் கெடச்சா என் வீட்டுலயே இருந்துருவேன். கோயில் இருக்கிற வீட்ட எடுக்க மாட்டோம்னு போன்ல சொல்லிட்டாங்க, கண்ணு."

"ஆளக் கூப்புட்டு எடுத்துரலாமே" என்றேன் நான்.

"லாரிக்காரனக் கூப்புட்டேன். வந்தான், கும்புட்டான், நாலு நம்பர் எழுதிக்கிட்டுப் போயிட்டான்."

அது நம் ஊர் வழக்கம். எங்கே ஒரு கல் சற்று விசித்திரமாகத் தெரிந்தாலும் முதலில் கற்பூரம், அப்புறம் லாட்டரிக் குலுக்கலுக்கு நாலு நம்பர். போன வாரம் அந்தத் தாமானில் யாருக்கோ ஆறுதல் பரிசு வேறு விழுந்துவிட்டது. இனி அந்தப் புற்றின் மேல் மண்வெட்டி வைப்பவனை அந்த மண்வெட்டியாலேயே அடிப்பார்கள்.

"வெச்ச ஆள் வாயாலயே 'நான்தான் வெச்சேன்'னு சொல்ல வைக்கணும். அப்பத்தான் கூட்டம் அடங்கும்" என்று சுலைஹா சொல்லி வழக்கை எடுத்துக்கொண்டாள். மதியச் சாப்பாட்டைக்கூட முடிக்க விடாமல் என்னை இழுத்து வந்துவிட்டாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

பதினான்காம் நம்பர் வாசலில் பெரிய கேன்வாஸ் பந்தல். அதன் கீழே நீல நிற நாற்காலிகள். நடுவே மைக் பிடித்தபடி ஓர் அம்மாள் கூட்டத்தை மேய்த்துக்கொண்டிருந்தார்.

"நம்பர் கேக்குறவங்க எடது பக்கம்! நோய்நொடிக்காரவங்க சோத்துக்கைப் பக்கம்! செருப்ப ரோட்டுலயே விடுங்கலா!"

அவர்தான் மயிலம்மாள். எதிர்வரிசையில் பதினேழாம் நம்பர் வீடு. ஒரு காலத்தில் கல்யாணங்களுக்குப் பந்தலும் நாற்காலியும் வாடகைக்கு விட்டவர். தாமான் வாட்சாப் குழுவுக்கு அவர்தான் தலைவி, செயலாளர், காவல்துறை எல்லாம். அன்று காலை அவர் போட்ட செய்தியைச் செல்லம்மா எங்களுக்குக் காட்டியிருந்தார்: 'மாலை தண்ணீர் வராது, வாளியில் பிடித்து வைக்கவும். எட்டாம் நம்பர் நாய் அவிழ்ந்துவிட்டது, கால் பத்திரம். பதினான்காம் நம்பரில் எழுந்தருளிய அம்மாவுக்கு இன்று பாலபிஷேகம், முட்டையை உடைக்காமல் கொண்டு வரவும்.'

புற்று இடுப்பு உயரம் இருந்தது. மஞ்சளும் குங்குமமும் அப்பி, அடியில் சிவப்புப் பட்டுத்துணி சுற்றியிருந்தார்கள். அது நின்ற இடம் வழவழவென்ற டைல்ஸ் தரை.

"டைல்ஸ்ல எப்படிங்க புத்து மொளைக்கும்?" என்று மயிலம்மாளிடம் கேட்டேன்.

"அம்மாவுக்கு டைல்ஸ் ஒரு தடையாலா?" என்று மைக்கிலேயே பதில் வந்தது. கூட்டம் என்னை ஒரு மாதிரி பார்த்தது.

சுலைஹா கேட்டுக்குள் நுழையவே இல்லை. வேலியோரம் இருந்த குப்பைக் கூடையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புற்றுக்கு முன்னால் இரவில் வைத்த முட்டைகள் காலையில் ஓடாகிக் கிடக்கும், நாகம் குடித்துவிட்டுப் போகிறது என்று மெய்சிலிர்ப்பார்கள். அந்த ஓடுகள்தான் கூடையில் கிடந்தன.

"புனிதா, பாம்பு முட்டைய எப்படித் தின்னும்?"

"முழுசா முழுங்கும்."

"இந்தப் பாம்பு கரண்டியால தட்டியிருக்கு. பாரு, உச்சியில வட்டமா ஒடச்சிருக்கு."

ஓட்டின் உள்ளே கறுப்பாக ஏதோ சொட்டியிருந்தது. முகர்ந்தேன். கிச்சாப், சோயா சாறு. பக்கத்தில் வெள்ளை மிளகுத்தூள் வேறு. எனக்குத் தும்மல் வந்துவிட்டது.

"அரவேக்காட்டு முட்ட. எங்க அத்தா கடையில தெனம் காலையில சுட்ட ரொட்டியோட இப்படித்தான் போகும்" என்றாள் சுலைஹா.

"ரொட்டி பாக்கார் எங்கன்னு பாம்பு கேட்டிருக்குமே, அக்கா?"

அவள் சிரிக்கவில்லை. அவள் பார்வை பக்கத்து வீட்டு வேலிக்கு அந்தப்புறம் போயிருந்தது. இரண்டு பூச்சட்டிகளுக்கு நடுவே ஒரு வெந்நீர் ஃபிளாஸ்க் பதுங்கியிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு பெரியவர் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செய்தித்தாள் தலைகீழாக இருந்தது.

கெமாஸில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வீரமுத்து. சுலைஹா வேலியில் சாய்ந்துகொண்டு, "அண்ணே, கொலஸ்ட்ரால் எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

செய்தித்தாள் பட்டென்று கீழே இறங்கியது. "சத்தமாப் பேசாதம்மா! என் சம்சாரம் உள்ளாறதான் இருக்கு. வீட்டுல முட்டைய கண்ணால பாத்து மூணு வருஷமாச்சு. மொத நாள் ஒரு ஆசையில ஒண்ணு எடுத்தேன். அப்புறம் பழகிப்போச்சு."

"புத்தும் நீங்க வெச்சதுதானா?"

"ஐயையோ! நான் முட்ட மட்டுந்தான். உண்மையச் சொல்லணும்னா எனக்கே பயம்மா. விடிகாலையில போறப்ப ஒரு நா தூண் பக்கம் நிக்குது, இன்னொரு நா கொழாய் பக்கம் நிக்குது. அம்மா நடக்குறா! நடக்குற அம்மாவோட முட்டையத் தின்னுட்டோமேன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் வராது. ஆனா விடிஞ்சா பசிக்குதே, என்ன பண்ண?"

"ஒரு வழக்குக்கு வந்து வேற வழக்கக் கண்டுபிடிச்சிருக்கோம். இவர் முட்டைக் கேஸு" என்றேன் சலிப்போடு. மணி மூன்றைத் தாண்டியிருந்தது. செல்லம்மா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களையே பார்த்தபடி நின்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

சுலைஹா மட்டும் முட்டைக்காரரை மறந்தே போனாள். "நடக்குறாளாமே" என்று முணுமுணுத்தபடி போர்ச்சின் தரையைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு சன்னலருகே போனாள். "அம்மா, ஒரு வாரமா பாலும் மஞ்சத்தண்ணியும் ஊத்துறாங்க. தரையில ஒரு கற கூட இல்லயே. நீங்களா கழுவுறீங்க?"

"நானா? கிட்டவே போக விட மாட்டேங்குறாங்க. மயிலுதான் விடியறதுக்கு முன்னாடி வந்து தேச்சுக் கழுவிட்டுப் போறா. சுத்தத்துல அவ பைத்தியம்."

சுலைஹாவின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் வந்தால் அடுத்து அடிபடப்போவது நான்தான் என்பது எனக்குத் தெரியும்.

"புனிதா, போயி கும்புடு."

"எனக்கு நம்பர் வேணாம்க்கா."

"கும்புடுற சாக்குல அடியில என்ன இருக்குன்னு பாரு. நான் தொட்டா நல்லா இருக்காது. உங்க சாமி, நீதான் பாக்கணும்."

போனேன். பக்தியோடு குனிந்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு புண்ணியவதி என் காலடியில் ஒரு டின் பாலைக் கவிழ்த்தாள். கால் வழுக்கியது. விழாமல் இருக்கப் புற்றைக் கட்டிப் பிடித்தேன். புற்று நகர்ந்தது.

நகர்ந்தது என்றால் சும்மா இல்லை. போர்ச் வாசலோர மழைநீர்க் கால்வாயைப் பார்த்துச் சரிவாகக் கட்டியது. புற்றும் நானும் கட்டிப்பிடித்தபடியே கேட்டைத் தாண்டிப் பந்தலுக்குள் புகுந்தோம். "அம்மா புறப்பட்டுட்டா!" என்று யாரோ அலறினார்கள். பாதிக் கூட்டம் தரையில் விழுந்து கும்பிட்டது. இரண்டு பேருக்கு அருள் வந்தது. பந்தல் கம்பத்தில் மோதி நின்றபோது ஒருவர் என் காதருகே குனிந்து, "தம்பி, உங்க மோட்டர் சைக்கிள் நம்பர் என்ன?" என்று கேட்டார்.

பட்டுத்துணி விலகிக் கிடந்தது. அடியில் ஒரு நீலப் பலகை, அதில் நாலு சக்கரம். கல்யாணங்களில் பெரிய ஸ்பீக்கர் பெட்டியை வைத்துத் தள்ளுவார்களே, அதேதான். பலகையின் ஓரத்தில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு மயில் படம். பந்தலில் இருந்த நீல நாற்காலிகள் ஒவ்வொன்றின் முதுகிலும் அதே மயில்.

"கறையே இல்லாம அடியிலயும் கழுவணும்னா, அது நகரும்னு தெரிஞ்ச ஆளாலதான் முடியும்" என்றாள் சுலைஹா, சத்தம் போடாமல். "இல்லீங்களா, மயிலம்மாக்கா?"

மைக் கீழே விழுந்து கீச்சென்று கத்தியது. மயிலம்மாள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"நான்தான் வெச்சேன்! கெமாஸ்ல என் மக வூட்டுக்குப் பின்னால செம்பனத் தோட்டத்துல சும்மாக் கெடந்திச்சு. லாரியில ஏத்திக் கொண்டாந்தேன். எதுக்கு? செல்லம்மா வீட்ட அடமானம் வெக்கிறாளேன்னு! நம்ம ஆளுங்க கடையில அடகு வெச்ச நக எது திரும்பி வந்திருக்கு? பேங்குக்காரன் வீட்டப் புடுங்கிட்டா இவ எங்க போவா? கோயில் இருந்தா தொட மாட்டான்னு நெனச்சேன்."

கூட்டம் உச்சுக்கொட்டியது. செல்லம்மா கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து, "அடி பைத்தியக்காரி, இருக்கிற வரைக்கும் யாரும் புடுங்க முடியாதுடி" என்று அவர் கையைப் பிடித்தார்.

"அப்போ சரி. உங்க வண்டி, நீங்களே தள்ளிக்கிட்டுப் போயிருங்க. நேரமாச்சு" என்றாள் சுலைஹா.

மயிலம்மாள் இரண்டடி பின்னால் போனார். "அது எப்படி முடியும்? அன்னைக்கு மண்ணுதான். இப்ப அம்மா எறங்கிட்டாளே! போன வாரம் ஆறுதல் பரிசு அடிச்சது யாருக்குன்னு நெனச்சீங்க? எனக்குத்தான்!"

துப்பறியும் தொழிலில் நான் எத்தனையோ பொய்யர்களைப் பார்த்திருக்கிறேன். தன் பொய்க்குத் தானே கற்பூரம் காட்டுகிறவரை அன்றுதான் பார்த்தேன். கூட்டத்தில் ஒருவரும் புற்றைத் தொட முன்வரவில்லை. லாரியில் வந்தால் என்ன, அம்மா எப்படி வேண்டுமானாலும் வருவாள் என்று சொல்லிவிட்டார்கள். குற்றவாளி ஒப்புக்கொண்டும் வழக்கு முடியாமல் நின்ற கொடுமையை யாரிடம் சொல்வது?

அப்போதுதான் செல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அம்மாகிட்டயே கேட்டுருவோம். பூக் கட்டிப் பாப்போம். செவப்பு வந்தா இங்கயே இருக்கட்டும். வெள்ள வந்தா, கொண்டாந்தவ வூட்டுக்கே போறான்னு அர்த்தம்."

"என் வூடு சின்னதுலா..." என்று மயிலம்மாள் இழுத்தார். கூட்டம் கேட்கவில்லை. செல்லம்மா உள்ளே போய் இரண்டு பொட்டலங்களோடு வந்து புற்றின் முன்னால் போட்டார். நடுநிலையான ஆள் வேண்டும் என்று வீரமுத்துவைக் கூப்பிட்டார்கள். அவர் மனதுக்குள் முட்டைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை மல்லிகை.

கூட்டம் ஆரவாரித்தது. மயிலம்மாளின் முகத்தில் ஈயாடவில்லை. அம்மாவே வருகிறாள் என்ற பரவசம் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். பலகையைப் பிடித்து, மேளம் இல்லாத குறைக்கு வாளியைத் தட்டி, புற்றைத் தெருவின் குறுக்கே உருட்டிக்கொண்டு போனார்கள்.

இரண்டாவது பொட்டலம் கால்வாயோரம் கிடந்தது. எடுத்துப் பிரித்தேன். அதிலும் வெள்ளை மல்லிகை.

சுலைஹாவிடம் காட்டினேன். அவள் ஒரு கணம் பார்த்தாள். "கீழ போடு. புத்த வெச்ச ஆளக் கண்டுபிடிக்கத்தான் நம்மளக் கூப்புட்டாங்க. பூவ வெச்ச ஆள இல்ல."

நாலு மணிக்கு மதிப்பீட்டாளர் வந்துவிட்டார். ஹேமநாதன் என்று பெயர், கழுத்தில் டை, கையில் அளவு நாடா. எதிர்வரிசையில் ஏதோ ஊர்வலம் என்பதற்கு மேல் அவர் கவனிக்கவில்லை. பதினான்காம் நம்பர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார், சுவரைத் தட்டினார், கூரையைப் பார்த்தார். பளிச்சென்ற போர்ச்சைப் பார்த்து, "வீட்ட நல்லா வெச்சிருக்கீங்கம்மா. ஒரு கொறையும் இல்ல" என்றார். செல்லம்மா சுவரில் கை வைத்துக்கொண்டு மூச்சு விட்டார்.

"இத முடிச்சிட்டு எதிர் வீட்டுக்குப் போகணும். பதினேழாம் நம்பர். அவங்களும் இதே திட்டத்துக்குத்தான் கேட்டிருக்காங்க."

தெருவே திரும்பிப் பார்த்தது. பதினேழாம் நம்பர் போர்ச்சில், ஊதுபத்திப் புகைக்கு நடுவே, புற்று கம்பீரமாக நின்றது. அதன் பக்கத்தில் மயிலம்மாள் படியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

"அடிப்பாவி" என்றார் செல்லம்மா. எல்லாரையும் விலக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார். நாங்களும் ஓடினோம். "நீயும் கேட்டிருக்கியா? அப்போ என் வீட்டக் காப்பாத்த வெக்கலயா?"

மயிலம்மாள் தலை நிமிரவில்லை. "அந்தக் காலத்துல நாம இருந்த தோட்டத்துல எது குடுத்தாலும் ஒரு லயத்து வரிசைக்கு ஒண்ணுதானே குடுப்பாங்க? தையல் மிஷினு, ரேடியோ, எதுவா இருந்தாலும் கணக்கு எழுதுற கிராணி அப்படித்தானே குடுத்தாரு? இந்த ஜாலான்ல ஒனக்குக் கெடச்சிட்டா எனக்கு இல்லன்னு நெனச்சிட்டேன். மக என்ன கெமாஸுக்கு வந்துருங்குறா. என்னால இந்தத் தெருவ விட்டுப் போக முடியாதுடி, செல்லம்மா."

"ஒரு லயத்துக்கு ஒண்ணா? அப்படி எதுவும் கெடையாதும்மா. தகுதி இருந்தா யாருக்கும் உண்டு" என்றார் ஹேமநாதன். பிறகு அவர் கண் புற்றின் மேல் விழுந்தது. "ஆனா, இது கோயிலாச்சே."

மயிலம்மாள் செய்ததற்கு இது சரியான தண்டனை என்று எனக்குப் பட்டது. சுலைஹாவும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். செல்லம்மா மயிலம்மாளைப் பார்த்தார், புற்றைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் புற்றை மெல்லத் தள்ளினார். அது கடகடவென்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் நின்றது.

"இது கோயிலா, தம்பி? கோயிலு உருளுமா?"

ஹேமநாதன் குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். தானும் ஒரு தடவை தள்ளிப் பார்த்தார். "அட, நகருது. தரையோட சேராதது எதுவும் கட்டடக் கணக்குல வராது. அப்போ இது வீட்டுச் சாமான். சோபா மாதிரி."

"அம்மாவப் போயி சோபாங்குறான்!" என்று கூட்டம் கொதித்தது.

"ஒரு நிமிஷம், சார்" என்றாள் சுலைஹா. அவள் குரல் இப்படி இறங்கி நான் கேட்டதில்லை. "அப்போ இது பதினாலாம் நம்பர்லயே நின்னிருந்தாலும்...?"

"ஒண்ணும் ஆகியிருக்காது."

நான் பாலில் நனைந்த என் கால்சட்டையைப் பார்த்துக்கொண்டேன். செல்லம்மா மயிலம்மாளைத் தோளைப் பிடித்து எழுப்பினார். "எந்திரிடி. நீ கெமாஸுக்குப் போயிட்டா நான் யார்கூட சண்ட போடுறது?" மயிலம்மாள் அவர் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதார். மளிகைக் கடைக்காரரும் அழுதார், அவருக்கு வேறு காரணம்.

ஹேமநாதன் பேனாவை எடுத்தார். "செல்லம்மாவுக்கு ஒரே ஒரு கேள்வி பாக்கி. கேட்டாகணும்னு விதி. அந்த வீட்டுல நீங்க தனியாத்தான் இருக்கீங்களா?"

செல்லம்மா தெருவைப் பார்த்தார். பந்தலைப் பார்த்தார். வேலியோரம் புதிதாக ஒரு முட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருந்த வீரமுத்துவைப் பார்த்தார்.

"எங்க, தம்பி? இவங்க தனியா இருக்க விட்டாத்தானே?"